நாங்க மாஸ்டரின் கழுத்து

"இன்னொருத்தர் எங்கே?" என்று கேட்டார் இன்சூரன்ஸ் ஆபீஸில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த மேடம்.

மாஸ்டர் திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்துப் பட்டை விடவில்லை. பீரோவை நகர்த்துவதுபோல் உடம்பு முழுவதையும் திருப்பினார். பின்னால் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஆள் யாரும் இல்லை.

"எந்த இன்னொருத்தர் மேடம்?"

"நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க." மேடம் தாளை எடுத்து வாசித்தார். "'நாங்கள் கார் சர்வீஸ் முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. நாங்களும் நின்றோம். பின்னால் வந்த வேன் நிற்காமல் எங்களை இடித்தது. எங்களுக்குக் கழுத்தில் அடி.' ரெண்டு பேருக்குமே கழுத்துலயா?"

"ஐயோ, இல்ல மேடம். நாங்க தனியாத்தான் வந்தோம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "தனியான்னா, யாரு யாரு?"

இங்கே மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். இருபத்திரண்டு வருஷமாக, பயந்து வியர்க்கிற மனிதர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறவர். "இப்ப நாம கிளட்சை மிதிக்கிறோம். இப்ப நாம பதறாம கியரை மாத்துறோம். இப்ப நாம அந்தச் சுவத்துல முட்டப் போறோம்." நாள் பூராவும் இப்படியே பேசிப் பேசி, 'நான்' என்கிற சொல் அவர் நாக்கிலிருந்து எப்போதோ இறங்கிப் போய்விட்டது. பல் டாக்டரிடம் போய் "எங்களுக்குக் கடைவாய்ப் பல் ஆடுது" என்பார். கல்யாணத்துக்கு முன்னால் மனைவிக்கு எழுதிய முதல் கடிதத்தில் "நாங்கள் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதி, "மொத்தம் எத்தனை பேர்?" என்று பதில் வாங்கியவர். தெருவில் அவருக்கு 'நாங்க மாஸ்டர்' என்றே பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் மேடத்திடம் விளக்கினார். மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"சார், எனக்குப் புரியுது. ஃபைலுக்குப் புரியாது. கட்டம் பதினாலு, 'உடன் பயணித்தவர்'. அதை நிரப்பிட்டு வாங்க. கீழே பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு, பார்த்தீங்களா? கூட வந்தவரை மறைச்சா மொத்த மனுவும் தள்ளுபடி."

மனு தள்ளுபடியானால் மாஸ்டர் கதை முடிந்தது. டிரைவிங் மாஸ்டருக்குக் கழுத்துதான் முதல். மாதக் கடைசியில் லைசென்சைப் புதுப்பிக்க உடல் தகுதிப் பரிசோதனை. மோவாய் தோளைத் தொடும் அளவுக்கு ரெண்டு பக்கமும் திரும்பிக் காட்ட வேண்டும். இப்போதைக்கு மாஸ்டரின் கழுத்து ஒரு பக்கமும் திரும்பாது. சின்ன ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடித்த வேனின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அனுமதிக் கடிதம் கொண்டுவாருங்கள், மறுநாளே படுக்கை தருகிறோம் என்று ஆஸ்பத்திரியும் சொல்லிவிட்டது. அந்தக் கடிதத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் இப்போது கட்டம் பதினாலு வந்து உட்கார்ந்திருந்தது.

வீட்டு முன்னறைதான் ஸ்கூல். சுவரில் சாலைக் குறியீடுகளின் படம். மூலையில் ஒரு ஸ்டூலில் திருகி வைத்த பழைய ஸ்டியரிங். அந்த ஸ்டியரிங்கைச் சும்மா திருப்பிக்கொண்டே மச்சினன் விஷயத்தைக் கேட்டான். அவன் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மூன்று மாதம் ஜெராக்ஸ் எடுத்தவன். அன்றிலிருந்து குடும்பத்தின் சட்ட ஆலோசகர் அவன்தான்.

"மாமா, இல்லாத ஆளை இல்லன்னு நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம். இருந்தான், போயிட்டான்னு எழுதிடுங்க. அது சுலபம்."

"யாரு போயிட்டான்?"

"யாரோ ஒருத்தன். வழியில ஏறினான், காயம் இல்ல, இறங்கிப் போயிட்டான். பேர் தெரியாது. கட்டம் நிரம்பிடுச்சு. போனவனை யாரு தேடப் போறா?"

மாஸ்டரின் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "இவன் பேச்சைக் கேட்டுத்தான் போன வருஷம் நம்ம வீட்டுத் தண்ணிக் கனெக்‌ஷனே போச்சு. ஞாபகம் இருக்கட்டும்."

"அக்கா, அது வேற துறை."

மாஸ்டர் எழுதினார். பெயர் தெரியாது. வழியில் ஏறினார். காயம் இல்லை. இறங்கிப் போய்விட்டார். எழுதி முடித்தபோது முன்னறையில் சற்று நெரிசலாக இருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்தார்.

மூன்றாம் நாள், காரின் சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர். அதிகம் பேசாதவர். இடிபட்ட கார் ஒர்க் ஷாப்பின் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. பயிற்சி வண்டி என்பதால் அதில் ரெண்டு பக்கமும் பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலுக்கு ஒன்று, பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலுக்கு ஒன்று.

"கூட வந்தவருக்குக் காயம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இருக்காதே." சர்வேயர் பக்கத்து சீட்டின் பெல்ட்டை இழுத்துக் காட்டினார். அது வெளியே வந்த அளவில் அப்படியே விறைத்து நின்றது. "அடி விழும்போது ஆள் எடை பட்டா இது பூட்டிக்கும். அப்புறம் வராது, போகாது. காலி சீட்டு பெல்ட்டுக்கு இது நடக்காது."

மாஸ்டர் பெல்ட்டைப் பார்த்தார். அது ஒரு மார்பின் வளைவிலேயே நின்றிருந்தது.

சர்வேயர் மண்டியிட்டு டார்ச்சை உள்ளே அடித்தார். "ஓட்டுறவர் பக்கத்து பிரேக்குல ஒண்ணுமே இல்ல. பக்கத்து சீட்டு பிரேக்கைப் பாருங்க. தண்டே வளைஞ்சிருக்கு. வண்டியை நிறுத்தினது இந்தக் கால்தான்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நிறுத்தலேன்னா நீங்க லாரிக்கு அடியில போயிருப்பீங்க. நல்ல மனுஷன். யாரு அவரு?"

 சொல்லும்படியாக மாஸ்டரிடம் இருந்தது ஒரே ஒரு விஷயம். அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. லாரியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு ரெண்டு காலையும் தூக்கிவிட்டார். 'பயத்துல மட்டும் காலைத் தூக்கிடாதீங்க' என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மாஸ்டர். கண்ணைத் திறந்தபோது லாரிக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஜாண் இருந்தது. பழக்க தோஷத்தில் தன் கால்தான் தானாக மிதித்திருக்கும் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஆள் இருந்தான்னு எழுதினதுதான் தப்பு," என்றான் வீட்டில் மச்சினன், அதை யாரோ மூன்றாம் மனிதர் சொன்ன யோசனைபோல. "வாபஸ் வாங்கிடுவோம். தவறுதலா எழுதினேன், யாரும் வரலன்னு ஒரு கடுதாசி."

திங்கட்கிழமை கடிதத்தோடு மாஸ்டர் அலுவலகத்துக்குப் போனார். மேடம் முகம் மலர்ந்தது.

"உங்களுக்கே சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். ஒரு வழியா உங்க ஆளு வெள்ளிக்கிழமை வந்துட்டாரு. வாக்குமூலமும் கொடுத்துட்டாரு."

"எங்க ஆளா?"

"கூட வந்தவரு. நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாரு."

மாஸ்டர் எழுந்துவிட்டார். நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. அது அவர் உட்கார்ந்த சூடுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எந்த அவர் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"என்ன எழுதியிருக்காரு மேடம்?"

"'முன்னால் லாரி நின்றது. ஓட்டியவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலையும் தூக்கிவிட்டார். நான் பிரேக்கை மிதித்தேன். என் கழுத்தில் அடி.' அவ்வளவுதான்." மேடம் தாளை ஆசையோடு தடவிக் கொடுத்தார். "எவ்வளவு கச்சிதமா இருக்கு பாருங்க. நான், என். குழப்பமே இல்ல. கையெழுத்துகூட உங்க கையெழுத்து சாயல்தான், ஆனா இன்னும் திருத்தமா."

"ஆளு பார்க்க எப்படி இருந்தாரு?"

மேடம் யோசித்தார். "சொல்லத் தெரியல சார். உங்களை மாதிரின்னு சொன்னாத் தப்பா நினைச்சுக்காதீங்க. அவரு கொஞ்சம் நிமிர்ந்து இருந்தாரு. கழுத்துல இதே பட்டை. போகும்போது கழட்டிக் கையில வெச்சுக்கிட்டாரு."

அந்தக் கடிதம் மாஸ்டரின் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. வாக்குமூலம் கொடுத்துப் போன ஆளை, வரவே இல்லை என்று எப்படி எழுதிக் கொடுப்பது?

அங்கிருந்து நேராகக் கழுத்துக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் போனார். ஆபரேஷன் வரைக்கும் வலி தாங்குவதற்காக டாக்டர் ஆறு தடவை எழுதிக் கொடுத்திருந்தார். ரெண்டுதான் ஆகியிருந்தது. பயிற்சி கொடுக்கும் பெண் அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"என்ன அங்கிள், எதையாவது வெச்சுட்டுப் போயிட்டீங்களா?"

"பயிற்சிக்கு வந்தோம்மா."

"காலையிலதானே முடிச்சோம். ஆறாவது தடவை. இனிமே வர வேண்டாம்னு சொன்னேனே." சீட்டைக் காட்டினாள். ஆறு கட்டத்திலும் தேதி, ஆறு கையெழுத்து. "அருமையாத் திரும்புச்சு அங்கிள், தோள் வரைக்கும். இப்ப ஏன் மறுபடியும் விறைப்பா வெச்சிருக்கீங்க? பட்டையைக் கழட்டுங்க, பழகிடப் போகுது."

மாஸ்டர் பட்டையைக் கழற்றவில்லை. அன்றைக்கு அவர் தலை தனியாக நிற்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குது. சோத்தைப் போடு."

"விளையாடுறீங்களா? இப்பதானே சாப்பிட்டு எழுந்திரிச்சீங்க." தட்டு கழுவி, ஈரத்தோடு கவிழ்த்திருந்தது. "அதுவும் இன்னைக்கு நல்லா ருசிச்சுச் சாப்பிட்டீங்க. 'நான் இன்னும் கொஞ்சம் போட்டுக்கிறேன்'னு கேட்டு வாங்கினீங்க. அட, மனுஷன் வாயில இத்தனை வருஷத்துக்கு அப்புறம் 'நான்' வந்துடுச்சேன்னு நானும் சந்தோஷமாப் போட்டேன்."

"அது நாங்க இல்ல."

"பின்ன யாரு?"

"தெரியல. நாங்க இப்பதான் வர்றோம்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால், வாசல் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு ஆள் உயரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியது.

"உங்களுக்கு அடி கழுத்துலயா, மண்டையிலயா?" என்றார். குரலில் வழக்கமான காரம் இல்லை. சோறு போட்டார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். கொஞ்சம் தயங்கி, இன்னொரு டம்ளரும் வைத்தார்.

தெருவிலும் பேச்சு கிளம்பிவிட்டது. எதிர்வீட்டு அம்மாவுக்குக் கண்ணில் புரை. மாஸ்டர் ரெண்டாகத் தெரிகிறார் என்று அவர் சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் இஸ்திரி போடுகிறவரும் சொன்னார், மாஸ்டர் தினமும் ரெண்டு தடவை ஒரே பக்கமாகப் போகிறார், நடுவில் திரும்பி வருவதைக் காணோம் என்று. இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் "நாங்க" என்று ஆரம்பிப்பார். முன்பெல்லாம் அதற்குச் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

அன்று மாலை மச்சினன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். அவனே கொஞ்சம் அரண்டு போயிருந்தான். ஆனால் ஆலோசனை வற்றவில்லை.

"மாமா, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில ஆரம்பிச்சது. அதை வாயிலிருந்து எடுத்துட்டா அவனும் போயிடுவான். நாளைக்கு நேரா மேடம் முன்னால போய், கார்ல நான் மட்டும்தான் இருந்தேன்னு சொல்லிடுங்க. வாயால சொல்லுங்க, எழுத்துலயும் கொடுங்க."

மனைவி எதிரில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதுபோல் ஆரம்பித்தார். "எங்க, 'நான்' சொல்லுங்க."

"நா..."

"ம்."

"...ங்க."

"உதட்டைப் பார்த்துச் சொல்லுங்க. நான்."

"நா..."

"அவ்வளவுதான், முடிச்சிடுங்க."

"...ங்க."

ஒரு மணி நேரம் நடந்தது. மாஸ்டருக்கு வியர்த்தது. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. பிறகு, வேறு யாரோ எடுத்துக்கொண்டு போன பொருளைத் தேடுவதுபோல நாக்கு வெறுமனே துழாவியது.

"விடுக்கா," என்றான் மச்சினன். "நானும் வேணாம், நாங்களும் வேணாம். வக்கீல் ஆபீஸ்ல எல்லாம் இப்படியா எழுதுவாங்க?" தாளை எடுத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதினான். "'விபத்தின்போது வாகனத்தில் ஒருவர் மட்டுமே இருந்தார் என்று உறுதி கூறப்படுகிறது. கூறப்பட்ட மற்றொருவர் இல்லாதவர்.' எப்படி? நானும் இல்ல, நாங்களும் இல்ல. ஒரு பய குறை சொல்ல முடியாது."

மாஸ்டர் மூன்று தடவை படித்தார். குறை தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மேடம் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டு வாக்குமூலமும் ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. இது வந்ததும் தெளிவாயிடுச்சு. அப்ப ஒருத்தர்தான்?"

"ஒருத்தர்தான் மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மாத்த முடியாது. இன்னொருத்தர் இல்லவே இல்ல?"

"இல்லவே இல்ல." தடுமாறாமல் சொல்லிவிட்டார். அவருக்கே பெருமையாக இருந்தது.

"அப்ப விசாரணையே வேண்டாம். எது சரியான வாக்குமூலம்னு மேலே முடிவு பண்ணிடுவாங்க. வியாழக்கிழமை கடிதம் ரெடியா இருக்கும். வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்க வேண்டியதுதான்."

திரும்பும் வழியெல்லாம் யாரும் கூட வரவில்லை. அதை அவரால் உணர முடிந்தது. வீட்டில் மனைவி ஒரே ஒரு டம்ளர்தான் வைத்தார். வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மச்சினன் அன்றைக்கு ரெண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், ஜெயித்த வக்கீல்போல.

வியாழக்கிழமை மாஸ்டர் குளித்துவிட்டு வந்தபோது ஆணியில் வெள்ளைச் சட்டை இல்லை.

"சட்டை எங்க?"

சமையலறையிலிருந்து பதில் வரவில்லை. மனைவி ஏதோ பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் பாடி வருஷக்கணக்காயிற்று. மாஸ்டர் இன்னொரு தடவை கேட்டார். பாட்டு நிற்கவில்லை. கட்டம் போட்ட பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வழியில் இஸ்திரி போடுகிறவருக்குத் தலையாட்ட முடியாமல் கையை ஆட்டினார். இஸ்திரிக்காரர் துணியைத் திருப்பிப் போட்டார். பஸ்ஸில் ஒரு அம்மாள் அவர் மடியில் கூடையை வைக்கப் போய், கடைசி நேரத்தில் எதற்கோ சிலிர்த்துத் தள்ளி வைத்தார். மாஸ்டர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதம் கிடைக்கும், கழுத்து திரும்பும், மாதக் கடைசியில் மோவாய் தோளைத் தொடும். அந்த நினைப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். கண்ணாடிக்குப் பின்னால் மேடம் இல்லை. டபேதார் மட்டும் முடிந்த ஃபைல்களை அடுக்கிச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"கடிதம் வாங்க வந்திருக்கோம்."

டபேதார் நிமிராமல், "எந்தக் கேஸு?" என்றார். சுவரிடம் கேட்பதுபோல் இருந்தது.

"டிரைவிங் ஸ்கூல் கார். கழுத்துல அடி. ஒருத்தர்தான்னு முடிவாச்சே, அது."

"ஓ, அதுவா." டபேதார் ஒரு ஃபைலைக் கட்டின் மேல் வைத்து, முழங்காலால் அழுத்திக் கயிற்றை இறுக்கினார். "அந்த ஒருத்தர் காலையிலேயே வெள்ளைச் சட்டையில வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரே. அப்ப இத்தனை நாளா வந்துட்டிருந்த இன்னொருத்தர் யாருன்னு மேடம் கேட்டதுக்கு, 'அது ஆளில்ல மேடம், பேசும்போது என் வாயில வந்துடுற பன்மை, இனிமே வராது'ன்னு சொல்லிட்டுப் போனாரு."